மிகையும் உபரியும்

எக்ஸஸ், சர்ப்ளஸ், சூப்பர்ஃபுளுவஸ் என்று ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் உள. நம்மில் பலர் மூன்றையும் 'அதிகம்' என்றே பெயர்த்துவிடுகிறோம். இதனால் விளையும் இடரைக் கோலார் தங்கவயலை வைத்தே ஆராயலாம். 1880 முதல் ஆங்கிலேயக் கம்பெனியின் சொற்களைத் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வாழ்ந்த ஊர் அது.

எக்ஸஸ் என்பது எல்லை கடந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் மனித உடல் தாங்கும் அளவை மீறியது. அவ்வெப்பத்தைச் சர்ப்ளஸ் என்று எவரும் சொல்லார். ஏனெனில் சர்ப்ளஸ் என்பது தேவை தீர்ந்தபின் எஞ்சுவது. குதிர் நிரம்பிய பின்னும் களத்தில் கிடக்கும் நெல்லைப் போன்றது. அதற்கு விலை உண்டு. சூப்பர்ஃபுளுவஸோ வழிந்தோடியது, இல்லாவிடினும் குறையில்லை. நன்னூலார் 'மிகைபடக் கூறல்' என்று குற்றங்களுள் வைத்தது ஏறக்குறைய இதனைத்தான்.

பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண், தங்கவயலில் குன்றுகளாக நிற்கிறது. ஆலைக்கு அது சூப்பர்ஃபுளுவஸ். காற்றுக் காலத்தில் அதன் புழுதி அடுக்களைப் பாத்திரத்தில் படியும்போது, குடியிருப்போருக்கு எக்ஸஸ். அதில் இன்னும் சிறிது பொன் இருப்பதால், 13 மேடுகளை ஏலம் விடக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைந்தது. அரசின் கணக்கில் அதுவே சர்ப்ளஸ்! அளப்பவர் மாற, சொல்லும் மாறிவிடுகிறது.

மண்ணைப் பொறுத்தவரை இதனால் பெருந்தீங்கு இல்லை. மனிதரைப் பற்றிப் பேசும்போதுதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். சர்ப்ளஸ் லேபர் என்பதை 'உபரித் தொழிலாளர்' என்கிறோம். நடந்துவரும் தொழிலில் உபரியானோரை விலக்குவதே ஆட்குறைப்பு, தொழிலையே மூடுவது அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1956இல் தீர்ப்பளித்தது. 1990இல் அந்நீதிமன்றமே அப்பொருளை விரித்துவிட்டது. எனினும் பழைய தீர்ப்பு, சொல்லின் இயல்பை நன்கு பிடித்திருந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. உபரி என்பதற்கு முதலில் ஒரு தேவை இருக்க வேண்டும். அது நிறைவு பெறவும் வேண்டும். 2001 பெப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது தேவை நிறைவு பெறவில்லை, தேவையே நீங்கிற்று. அன்று வெளியேறியோரை உபரி என்பது பொருந்தாது. வேலை இழந்தோர் என்பதே நேரான தமிழ். சூப்பர்ஃபுளுவஸ் என்பதோ அதனினும் பொருந்தாது. தங்கவயலார் பலர் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூர் சென்று, அந்நகரின் வேலைகளைச் செய்துவிட்டு இரவில் வீடு திரும்பினர்.