ஆற்றில் பாதி



கடையில் வாங்கும் டின் மீனை 'செமன்' என்று சொல்லியே நாம் பழகிவிட்டோம். ஆனால் அந்த டின்னில் பெரும்பாலும் இருப்பது வேறு மீன். உண்மையான சால்மன் ஆற்றில் பிறக்கும், கடலில் வளரும், முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அந்த மீனை யார் எவ்வளவு பிடிப்பது என்று பெரும் வழக்கு நடந்தது. அது ஓர் ஒப்பந்தத்தின் கதை. அதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேசுகிறோம்.

1854 டிசம்பரில் நிஸ்குவாலி, புயாலப் முதலிய பழங்குடி மக்கள் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். நிலத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தார்கள். ஆனால் வழக்கமான இடங்களில் மற்றக் குடிமக்களோடு பொதுவாக மீன் பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் எழுதப்பட்டது ஆங்கிலத்தில். அவர்களுக்கு விளக்கியதோ சில நூறு சொற்களே உள்ள வியாபார மொழியில்.

பின்னர் கடலில் பெரிய படகுகளும், ஆற்றில் தூண்டில்காரர்களும் பெருகினார்கள். மீன் குறைந்தபோது, பழங்குடியினரின் வலையைத்தான் மாநில அரசு பறித்தது. நிஸ்குவாலி இளைஞர் பில்லி பிராங்க் 1945இல் முதன்முதலாகக் கைதானபோது அவருக்கு வயது 14. பிறகு 50 தடவைக்கு மேல் கைதானார். ஆனாலும் ஆற்றை விட்டுப் போகவில்லை.

1974 பெப்ரவரி 12இல் நீதிபதி ஜோர்ஜ் போல்ட் தீர்ப்புச் சொன்னார். முட்டையிடத் தேவையான மீனை முதலில் விட்டுவிட வேண்டும். மிச்சத்தில் பாதி வரை பிடிக்க ஒப்பந்தப் பழங்குடியினருக்கு உரிமை உண்டு. அதுவரை அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 5 வீதம்தான்.

தூண்டில்காரர்கள் கொதித்தார்கள். நீதிபதியின் கொடும்பாவியை எரித்தார்கள். அவர்களிலும் பலர் வாரம் முழுக்க வேலை செய்து, அனுமதிப்பத்திரத்துக்குக் காசு கட்டி, ஓய்வு நாளில் ஆற்றுக்கு வருகிறவர்கள். "சிறு கூட்டத்துக்குப் பாதியா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. அந்தப் பாதி யாரும் கொடுத்த சலுகை அல்ல. நிலத்தைக் கொடுத்தபோது கொடுக்காமல் வைத்துக்கொண்ட உரிமை. 1979இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இன்று பழங்குடியினரும் மாநில அரசும் வருடா வருடம் ஒன்றாக உட்கார்ந்து, மீன் கணக்கைப் பார்த்து, பருவத்தைத் தீர்மானிக்கிறார்கள். 2016இல் பேச்சு இழுபட்டது. பியூஜெட் சவுண்ட் பகுதியில் தூண்டில் மீன்பிடி சில வாரங்கள் மூடப்பட்டது. மறுபடி பேசித்தான் திறந்தார்கள்.

இன்னொன்றும் அவர்களுக்கு விளங்கியது. ஆற்றில் மீனே இல்லாவிட்டால் பாதி என்ன, முழுவதும் என்ன? வீதிகளுக்கு அடியில் மீனின் வழியை மறிக்கும் போக்குகளை மாநில அரசு திருத்த வேண்டும் என்று பழங்குடியினர் வழக்காடி, 2018இல் வென்றார்கள். அந்த வழியால் வரும் மீன் தூண்டில்காரருக்கும் சேர்த்துத்தான்.

தோழர்களே, 120 வருடம் கழித்து ஒரு சமூகத்தைக் காப்பாற்றியது ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி. அந்த வரியை விடாமல் பிடித்துக்கொண்டு சிறைக்குப் போனவர்கள் இருந்ததால்தான் அது உயிரோடு இருந்தது. ஆகவே எந்தத் தாளிலும் கையொப்பம் வைக்கும் முன், அதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத சொல்லுக்கு விளக்கம் கேளுங்கள். பிரதியை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். பங்கு குறைகிறபோது பக்கத்தில் நிற்கிற தொழிலாளியைக் கோபிக்க வேண்டாம். கணக்கு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்போம். அந்தக் கணக்குப் பார்க்கும் மேசையில் நமக்கும் ஓர் இடம் கேட்போம்.