மணல் விழுந்த வெடிப்புகள்

இன்று அண்டார்க்டிகாவுக்குப் போகிறோம், அதுவும் அங்கே பனி மூடாத ஒரு மூலைக்கு. நியூசிலாந்துக்குத் தெற்கே, ராஸ் கடலின் ஓரத்தில் மெக்மர்டோ என்றொரு குடா. அதன் மேற்குக் கரையிலிருந்து உள்ளே போனால் டெய்லர், ரைட், விக்டோரியா என்று வறண்ட பள்ளத்தாக்குகள் வரிசையாக வரும். கண்டத்தின் நடுவிலிருந்து நகர்ந்து வரும் பெரும் பனிப்படலத்தை டிரான்ஸ் அண்டார்க்டிக் மலைத்தொடர் தடுத்து நிறுத்திவிடுகிறது. மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் காற்று, வரும் வழியிலேயே சூடேறி, எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடும். பள்ளத்தாக்கின் தரையில் ஆண்டு முழுவதும் விழும் பனியை உருக்கி அளந்தால் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதிலும் பெரும்பகுதி உருகாமலே நேராக ஆவியாகிப் போகும். 1903இல் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டும் தோழர்களும் டெய்லர் பள்ளத்தாக்கில் இறங்கியபோது உயிருள்ள எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு சீலின் எலும்புக்கூடுதான் கிடந்தது.

இந்த வெறுமைக்குக் குளிர்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியை ஒட்டி இருக்கும் ஊரில் வேறென்ன காரணம் வேண்டும்? ஆனால் தரையைக் குனிந்து பார்த்தால் வேறு கதை தெரிகிறது. குளிர்காலத்தில் குளிர் முற்றும்போது நிலம் சுருங்கி, வற்றிய ஏரிப் படுகையைப் போலப் பாளம் பாளமாக வெடிக்கிறது. ஒவ்வொரு பாளமும் பத்து, இருபது மீட்டர் அகலம். இதே குளிர், இதே வெடிப்பு வட துருவத்தை ஒட்டிய அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் உண்டு. அங்கே இளவேனிலில் உருகிய நீர் வெடிப்பில் இறங்கி உறைகிறது, ஆண்டுக்காண்டு பனிக்கட்டி ஆப்பாகத் தடிக்கிறது. இங்கே இறங்க நீர் இல்லை. காற்றடித்த மணல்தான் உள்ளே விழுகிறது. அமெரிக்க நிலவியலாளர் டிராய் பெவே 1959இல் இந்த மணல் ஆப்புகளை விவரித்து எழுதினார். இரண்டு துருவங்களுக்கும் குளிர் பொது. வேற்றுமையைச் செய்வது நீர்.

உறைநிலமும் இதைத்தான் சொல்கிறது. தொடர்ந்து ஈராண்டு பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் நிலத்தை உறைநிலம் என்பார்கள். அதில் பனிக்கட்டி இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இந்தப் பள்ளத்தாக்குகளின் உறைநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு காய்ந்தே கிடக்கிறது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் உதிரும், அவ்வளவு குளிரிலும்! மழை வந்து கழுவிக்கொண்டு போகாததால், கடற்காற்றும் வளிமண்டலமும் கொண்டுவந்து போட்ட உப்புகள் மண்ணிலேயே தங்கிச் சேர்கின்றன. பழைய மண்ணில் அவை வெள்ளைப் படலமாகவே தெரியும். ரைட் பள்ளத்தாக்கின் டான் வான் குட்டையில் கால்சியம் குளோரைடு அவ்வளவு செறிவாக இருப்பதால், பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியிலும் அது உறைவது அரிது.

ஆனால் குளிர்தானே நீரைக் கட்டிப்போடுகிறது, வறட்சியும் குளிரின் பிள்ளைதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. டெய்லர் பள்ளத்தாக்கிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கோடையில் சில வாரங்கள் மட்டும் பனியாறுகளின் முகப்பு உருகி, மெல்லிய ஓடைகள் ஓடும். 1990களில் ஆய்வாளர்கள் ஓர் ஓடையின் நீரைத் திருப்பி, சுமார் இருபது ஆண்டுகளாக வறண்டு கிடந்த பழைய தடத்தில் விட்டார்கள். கறுத்துக் காய்ந்து கற்களோடு ஒட்டிக் கிடந்த பாசிப் படலங்கள் சில நாட்களிலேயே மறுபடி வளரத் தொடங்கின. குளிர் எள்ளளவும் மாறவில்லை, மாறியது ஈரம் மட்டும். மண்ணில் வாழும் நூற்புழுக்களும் அப்படியே. ஈரம் போனால் சுருண்டு, உடல் நீரையும் இழந்து காத்திருக்கும். ஈரம் வந்ததும் பிரிந்து நெளியும்.

இன்னொரு மறுப்பு சற்றுக் கடுமையானது. இதே வறண்ட பகுதியிலுள்ள பீக்கன் பள்ளத்தாக்கில், ஒரு மீட்டருக்கும் குறைவான கற்குவியலுக்கு அடியில் பனியாற்றுப் பனிக்கட்டி புதைந்து கிடக்கிறது. அதற்கு மேலிருந்த எரிமலைச் சாம்பலின் வயது 81 லட்சம் ஆண்டுகள் என்று 1995இல் வெளியான ஆய்வு சொன்னது. அவ்வளவு வறண்ட காற்றில் அந்தப் பனி என்றைக்கோ ஆவியாகித் தீர்ந்திருக்க வேண்டாமா என்று சில ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் கேட்டார்கள். பனியின் வயது பற்றிய அந்தச் சண்டையில் நான் தலையிடவில்லை. சாம்பலைப் பார்த்தால் போதும். நீர் பட்ட எரிமலைச் சாம்பல் நாளடைவில் களிமண்ணாகும். பீக்கன் சாம்பலின் துகள்களோ கூர்முனை மழுங்காமல், ஏறக்குறைய களிமண் கலப்பே இல்லாமல் இருக்கின்றன. பனி பழையதோ புதியதோ, அந்த மண் பல லட்சம் ஆண்டுகளாக நன்றாக நனையவில்லை.

ஒரே இடத்தில் மட்டும் குளிருக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும். பீக்கனுக்கு அருகே, சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் யூனிவர்சிட்டி பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே வறண்ட மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே பனிக்கட்டி தட்டுப்படும். நீருக்குப் பஞ்சமில்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் காற்றின் வெப்பம் கோடையிலும் பூஜ்யத்தைத் தொடுவதில்லை, பனி உருகுவதும் இல்லை. அந்த உறைநிலத்தில் இயங்கும் நுண்ணுயிர்களைத் தேடிப் பல சோதனைகள் செய்தவர்கள் 2016இல் முடிவை வெளியிட்டார்கள்: உயிரியக்கத்தின் தடயம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.