சொல்லையும் எடை போடுவோம்



எதையும் ஆராய்ந்து ஏற்கும் பழக்கத்தைப் பற்றி இன்று நாம் பேச விரும்புகிறோம். அது மெத்தப் படித்தவர்களுக்கே உரியது என்று சிலர் எண்ணுகின்றனர். ஆனால், பால் நிறுக்கும் இடத்தில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். 20 கிலோ பால் கொண்டுவந்தால் அவ்வளவும் ரப்பர் என்று எவரும் கணக்கெழுதுவதில்லை. உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று சோதிக்கின்றனர். நூற்றுக்கு 30 பங்கு இருந்தால் கணக்கில் சேர்வது 6 கிலோவே. மழைநீர் கலந்தால் எடை கூடும், ரப்பர் கூடாது. நம் காதில் விழும் சொற்களுக்கும் இத்தகைய சோதனை வேண்டும்.

"1,000 வெள்ளி கட்டுங்கள், இருவரைச் சேர்த்துவிடுங்கள், பணம் இரட்டிப்பாகும்" என்று ஒருவர் வீடு தேடி வருகிறார், அல்லது கைத்தொலைபேசியில் செய்தி அனுப்புகிறார். கேட்க இனிமையாக இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் இருவரையும், அவ்விருவர் நால்வரையும் சேர்த்துக்கொண்டே போனால், 20ஆம் படிக்கு மட்டும் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேண்டும். 25ஆம் படிக்கு ஏறத்தாழ மலேசிய மக்கள் அனைவருமே வேண்டும்! கடைசிப் படியில் நிற்போர் எவரைச் சேர்ப்பார்கள்? முந்திய படிகளில் இருந்த அனைவரையும்விட அவர்களே எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். பணத்தை இழப்பவர்களும் அவர்களே.

பெயர் பெற்ற அமைப்பானாலும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். 1986ஆம் ஆண்டில், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளைப் பேங்க் நெகாரா நிறுத்தி வைத்தது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சேமிப்பு முடங்கியது.

ஆகவே, கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். இதைச் சொல்பவர் எவ்வாறு அறிந்தார்? நாம் நம்பினால் அவருக்கு என்ன ஆதாயம்? நம் பணம் எந்தத் தொழிலில் ஈடுபட்டு இலாபம் ஈட்டும்? வைப்புத்தொகை பெறுவோரிடம் பேங்க் நெகாராவின் உரிமம் உண்டா என்றும் விசாரிப்போம். "இன்றே கட்டாவிட்டால் வாய்ப்புப் போய்விடும்" என்று அவசரப்படுத்தினால், அதுவே நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம். நமக்குக் கசக்கும் சொல்லை நாம் தானாகவே ஆராய்கிறோம். இனிக்கும் சொல்லையே கூடுதலாக ஆராய வேண்டும்.

இப்பழக்கத்திற்கு விதை வீட்டிலேதான் விழுகிறது. "ஏன்?" என்று பிள்ளை கேட்டால், "வாயை மூடு" என்று அடக்கிவிடுகிறோம். இன்று கேள்வி கேட்க அஞ்சும் பிள்ளை, நாளை தனக்குப் புரியாத தாளிலும் கையெழுத்திடும். பணிவு வேறு, அச்சம் வேறு. பணிவோடு கேள்வி கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம்.

"நாங்கள் படிக்காதவர்கள், எங்களால் எவ்வாறு சொல்லிக்கொடுக்க முடியும்?" என்று பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. பிள்ளை கணக்கு எழுதி முடித்ததும், "இந்த விடை எப்படி வந்தது? எனக்கு விளங்கும்படி சொல்" என்று கேளுங்கள். விளக்கத் தெரிந்தால் பாடம் புரிந்திருக்கிறது. தடுமாறினால், மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது எது என்று தெரிந்துவிடும். இதற்குப் பெற்றோரிடம் பட்டம் தேவையில்லை. கால் மணி நேரமும் பொறுமையும் போதும்.

பாடுபட்டுச் சேர்த்த பணமும் பிள்ளைகளின் கல்வியும் நம் செல்வங்கள். அவற்றைக் காக்கும் வேலியாகக் கேள்வி கேட்கும் பழக்கத்தை வளர்ப்போமாக.