விடிய விடியக் கட்டைக்கூத்து

கோடை வந்தால் காஞ்சிபுரம், திருவண்ணாமலை வட்டாரக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா களைகட்டும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் விடிய விடியக் கூத்து.

நடிகர் தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டிக்கொள்ளும் மர அணிகளுக்குத்தான் 'கட்டை' என்று பெயர். எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, கண்ணாடிச் சில்லுகள் பதிப்பார்கள். முகத்துக்கு அரிதாரத்தை அவரவரே பூசிக்கொள்வார்கள். இருவர் திரை பிடிக்க, முகவீணை முழங்க, திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வேடக்காரர் வருவார். அந்தக் குரலுக்கே கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும்.

கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் மற்றவர்களும் 1990-ல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். 2002-ல் குருகுலமும் வந்தது. பிள்ளைகள் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் கற்றார்கள். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த கலை இது. குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். எனக்கு இதுதான் பெரிய செய்தியாகப் படுகிறது. பதினெட்டு ஆண்டுகள் நடந்த குருகுலம் 2020-ல் நிறைவுபெற்றது.

பக்கத்து ஊரில் கூத்து என்றால் ஒரு போர்வையோடு போய் உட்காருங்கள். பாதியில் எழுந்துவிடாதீர்கள். பாரதப் போரின் கடைசி நாளைக் காட்டும் 'பதினெட்டாம் போர்' ஆடிய இரவென்றால், காலையில் துரியோதனன் வீழும் படுகளமும் உண்டு. மண்ணால் செய்த துரியோதனன் அங்கே படுத்திருப்பான்.