மின்னூசியும் மூட்டுவலியும்



மூட்டுவலிக்கு ஊசி செருகுவது என்றால் நம்மில் பலர் நகைப்பார்கள். வலிக்கு வலியே மருந்தா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடியவர்கள் எவ்வாறு தேடினார்கள் என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சீன நாட்டின் பழைய ஊசிமுறையில், மெல்லிய ஊசிகளை உடலின் குறித்த இடங்களில் செருகிக் கையால் திருகுவார்கள். பிற்காலத்தில் அவ்வூசிகளில் கம்பியை இணைத்துச் சிறு மின்துடிப்புகளைச் செலுத்தலாயினர். ஆராய்ச்சிக்கு இதனால் பெருநன்மை விளைந்தது. கை திருகும் வேகத்தை அளப்பது அரிது. மின்துடிப்பையோ விநாடிக்கு இத்தனை என்று எண்ணிவிடலாம்.

பீக்கிங் நகர மருத்துவக் கல்லூரியில் ஹான் ஜிஷெங் என்னும் உடலியல் அறிஞர் 1965-ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார். கையில் ஊசி செருகப்பட்டவர்களுக்கு வலி தாங்கும் ஆற்றல் உடனே உயரவில்லை. மெல்ல மெல்ல ஏறி, ஏறக்குறைய அரைமணி நேரத்தில் உச்சியை எட்டிற்று. ஊசியை எடுத்த பின்னும் மெல்லவே இறங்கிற்று. நரம்பில் ஓடும் செய்தி மட்டுமே காரணமாயின், விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நின்றிருக்க வேண்டும் அன்றோ? ஆகவே ஏதோ ஒரு பொருள் உள்ளே சுரக்கிறது என்று கருதினார். ஊசி செருகிய முயலின் மூளையைச் சூழ்ந்த நீரை எடுத்து, ஊசியே காணாத வேறொரு முயலின் மூளைக்குள் செலுத்தினார். அந்த முயலுக்கும் வலி தாங்கும் ஆற்றல் கூடிற்று! எவ்வளவு எளிய சோதனை!

அப்பொருள் யாது? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் அறிஞர்கள், பன்றியின் மூளையிலிருந்து என்கெபலின் என்ற பொருளைப் பிரித்தறிந்தனர். அது அபினியின் சத்தாகிய மார்பினைப் போலச் செயற்படுவது. மூளை தானே காய்ச்சிக்கொள்ளும் அபினி என்னலாம். விநாடிக்கு 2 துடிப்புகள் செலுத்தினால் என்கெபலினும் எண்டார்பினும், 100 துடிப்புகள் செலுத்தினால் தண்டுவடத்தில் டைனார்பினும் சுரக்கின்றன என்று ஹான் குழுவினர் எலிகளிடத்தில் கண்டனர். நெடுநேரம் செலுத்தினாலோ பயன் தேய்கிறது. அபினிப் பொருள்களை எதிர்க்கும் கோலிசிஸ்டோகினின் என்ற மற்றொரு பொருளும் சுரக்கத் தொடங்கிவிடுகிறது.

வீங்கிய மூட்டில் புராஸ்டகிளாண்டின் போன்ற பொருள்கள் நரம்பு முனைகளை எளிதில் கிளர்ந்தெழச் செய்கின்றன. அச்செய்தி தண்டுவடத்தை அடைகிறது. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் நரம்புகள் செரட்டோனினையும் நார்அட்ரினலினையும் வெளியிட்டு, அவ்வாயிலிலேயே அதனை மட்டுப்படுத்த வல்லவை. மின்னூசி இந்தக் காவலரையும் எழுப்புகிறது என்பதே விளக்கம்.

ஆயின் ஒரு சிக்கல் உண்டு. மார்பினின் செயலைத் தடுக்கும் நாலாக்சோன் என்ற மருந்து ஊசியின் பயனையும் குறைக்கிறது. ஆனால் 1978-இல், பல் பிடுங்கியவர்களுக்கு வெறும் போலி மருந்தால் தணிந்த வலியும் நாலாக்சோனால் திரும்பி வந்தது! நம்பிக்கையும் அதே அபினியைச் சுரக்கச் செய்கிறது போலும். ஆகவேதான் உண்மை ஊசியைப் போலி ஊசியோடு ஒப்பிட வேண்டியுள்ளது; அவ்வொப்பீடுகளில் வேறுபாடு பெரும்பாலும் சிறிதாகவே இருக்கிறது. முழங்கால் தேய்வுக்கு ஊசிமுறையை அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கழகம் 2019-இல் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. பிரிட்டனின் நைஸ் நிறுவனமோ 2022-இல் மூட்டுத் தேய்வுக்கு வேண்டாம் என்றது. என் முழங்கால்களுக்கும் அறுபதுக்கு மேல் வயதாயிற்று. ஆதலால் இவ்வழக்கை நான் ஏட்டுச் சுரைக்காயாகப் படிக்கவில்லை. தீர்ப்பு இன்னும் முடியவில்லை என்பதே என் கருத்து.

முடக்குவாதத்தின் நிலை வேறு. அதில் உடலின் காவற்படையே மூட்டை அரிக்கிறது. காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரம், அதற்கு மேலும், விறைத்திருப்பது அதன் அறிகுறிகளுள் ஒன்று. மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் அவ்வரிப்பையே தடுக்க முயல்கின்றன. ஊசியால் வலி தணிந்ததென்று அம்மருந்தை ஒருவர் நிறுத்துவாராயின், வலி தெரியாமலே எலும்பு அரிக்கப்பட்டு, சில ஆண்டுகளில் விரல்கள் கோணிவிடக் கூடும்.