அயல்மண்ணில் கண்ட நம்மூர்ப் பறவை
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சிங்கப்பூர் சென்றிருந்தபோது அங்குள்ள தாவரவியல் பூங்காவில் மூன்று காலைகள் பறவைகளைப் படமெடுத்துத் திரிந்தேன். 1859இல் தோற்றுவிக்கப்பெற்று, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபிடமாக அறிவிக்கப்பெற்ற பூங்கா அது. 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த இரப்பர் நாற்றுகளில் ஒரு பகுதி அங்கேதான் நடப்பட்டது. பின்னர் மலாயாவெங்கும் பெருகிய இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் நம் மக்கள். ஆகவே அம்மண் எனக்கு முற்றிலும் அயலாகத் தோன்றவில்லை.

இருவாசியைப் படமெடுக்க வேண்டும் என்பதே என் ஆசை. இரண்டு நாள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் குளக்கரைப் புதரில் ஓர் அசைவு. வெண்ணிற முகமும் மார்பும், கருஞ்சாம்பல் முதுகும், வாலடியில் செங்காவியும் கொண்டு, குட்டை வாலை வெட்டி வெட்டி நடந்து வந்தது ஒரு பறவை. நம் கானாங்கோழி! சங்கச் செய்யுட்களில் வரும் கம்புள் இதுவே என்பர்.

ஆசை மீதூர நெருங்கினேன். புதருக்குள் கறுப்புப் பஞ்சுருண்டைகள் போலக் குஞ்சுகள். மேலும் ஓரடி வைத்தேன். தாய் பதறிக் கத்திற்று. குஞ்சுகள் திசைக்கொன்றாய்ச் சிதறின. கருவியைத் தாழ்த்திப் பின்வாங்கினேன். அவை மீண்டும் ஒன்றுசேர நெடுநேரமாயிற்று. குஞ்சுகளின் படம் என்னிடம் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

வருத்தம் வேறொன்றில். நம் ஏரிக்கரையில் எண்ணற்ற முறை எதிர்ப்பட்ட பறவையை ஒருநாளும் நான் நின்று பார்த்ததில்லை. கடல் கடந்து போய்த்தான் பார்த்தேன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களாலும் தமிழ், ஆங்கில எழுத்துகளாலும் வலியுறுத்தியது இதைத்தான்: அருகில் உள்ளதை முதலில் பார்.

நம் மண்ணுக்கு இது புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரையும் ஏரி வாரியத்துக்கு அறுவரையும் குடவோலையால் தெரிவு செய்யச் சொல்கிறது. தோட்டத்தையும் நீரையும் காப்பது ஊராரின் கடமை என்பது இங்கே கல்லில் எழுதிய செய்தி. நம் அண்டையிலுள்ள வேடந்தாங்கல் மக்களோ, பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும்படி ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் அவற்றைக் காக்கும் உரிமையை எழுத்திலேயே பெற்றார்கள். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த உழவர்கள் அவர்கள்.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை கண்ட சத்திமுற்றப் புலவர், நாரையைக் கண்ணால் பார்த்தவர். நாமோ ‘பறவை’ என்று ஒரே சொல்லில் எழுதிக் கடந்துவிடுகிறோம். நத்தைகுத்தி, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எனப் பெயர்கள் நம்மிடம் உள்ளன. பெயர் வழக்கொழிந்தால் பறவை மறைந்தாலும் நமக்குத் தெரியாது. நாளைக் காலை ஏரிக்கரைக்குச் சென்று, ஒன்றையேனும் பெயர் சொல்லி அறிந்து வாருங்கள். கூட்டை மட்டும் நெருங்காதீர்கள்.