திரள்கள் தரும் சான்று
(விம்கோ நகரில் நிகழ்ந்த பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



அண்டத்தைப் பாடாத கவிஞர் அரியர். அண்டத்தைப் பற்றிய ஒரு கூற்றை எவ்வாறு உரைத்துப் பார்ப்பது என்று நம்மிடையே பேசுவோரோ அவரினும் அரியர்.

பொருள் தன்னைச் சூழ்ந்த வெளியையும் காலத்தையும் வளைக்கிறது; அவ்வளைவே ஈர்ப்பு என்று 1915இல் நிறுவினார் ஐன்ஸ்டீன். ஈர்ப்பினின்று மீண்டு வரும் ஒளி சற்றே சிவக்கும் என்பதும் அவர் கணிப்பு. அதனைச் சோதித்தவருள் ஒருவர், 1911 முதல் 1923 வரை நம் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராயிருந்த ஜான் எவர்ஷெட். சூரிய ஒளியின் நிறமாலைக் கோடுகள் விலகும் நுண்ணளவை அவர் கணித்தார். சூரிய வளியின் ஓட்டமும் அக்கோடுகளை நகர்த்துமாதலால் தீர்ப்பு எளிதில் கிட்டவில்லை.

இன்று சோதனைக்களம் சூரியனைக் கடந்து விண்மீன் திரள்களை எட்டியுள்ளது. அண்டத்தின் விரிவு விரைவுபடுவதை 1998இல் கண்டறிந்தனர். அறியாத ஆற்றல் ஒன்று அதற்குக் காரணமா? அன்றிப் பெருந்தொலைவில் ஐன்ஸ்டீனின் விதியே பொருந்தவில்லையா?

நம் விம்கோ நகர் நிலையத்தைக் கடக்கும் விரைவு வண்டியின் ஊதல், நெருங்குகையில் உயர்ந்தும் விலகுகையில் தாழ்ந்தும் ஒலிக்கும். ஒளிக்கும் இவ்வியல்பு உண்டு. விலகும் திரளின் ஒளி சிவப்பின் பக்கம் சாயும். அண்டத்தின் விரிவோடு, திரள்கள் ஒன்றையொன்று ஈர்த்து நகரும் வேகமும் அச்சாய்வில் கலந்திருக்கும். பல இலட்சம் திரள்களை அளந்தால், காலந்தோறும் அவை எத்துணை விரைவாகக் கூட்டமாயின என்பது புலனாகும். அது கொள்கையின் கணக்கோடு ஒத்துவருகிறதா என்பதே சோதனை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிட் சிகரத்தில் உள்ள 'டெசி' என்னும் கருவி 5,000 ஒளியிழைகளால் வானை ஆய்கிறது. அதன் முதலாண்டுத் தரவில் ஏறத்தாழ 60 இலட்சம் திரள்களும் குவேசார்களும் அடங்கும்; 1,100 கோடி ஆண்டு வரலாறு அவற்றில் விரிகிறது. 2024 நவம்பரில் முடிவு வெளியாயிற்று. ஐன்ஸ்டீன் கொள்கை தேறியது.

நூறாண்டுப் புகழும் அக்கொள்கைக்குச் சோதனையினின்று விலக்களிக்கவில்லை. நாமோ, "இவையெல்லாம் சங்கப் புலவர் அன்றே அறிந்தவை" என்று மேடைதோறும் முழங்குகிறோம். விசும்பைப் பாடியது அவர்தம் பெருமை. அளப்பது வேறு தொழில். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது இரண்டுக்கும் இழுக்கு.

நூலை அவையில் அரங்கேற்றி, எழுந்த தடைகளுக்கு விடை கூறச் செய்து ஏற்றுக்கொண்டது நம் மரபு. பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தில் பாராட்டுரைக்குக் குறைவில்லை. தடை எழுப்பும் குரலும் இனி ஒலிக்கட்டும்; என் கூற்றுகளிலிருந்தே அது தொடங்கட்டும்.